பின் டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றிய பிறகு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் நிற்கும். 1984 முதல் 2009 வரை ஊட்டன்ஹேக் தொழிற்சாலையில் தயாரான வண்டி அது. அந்த ஊருக்கு இன்று கரியேகா என்று பெயர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். அந்த டிரம்மைத் தூக்கிவிட்டு, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டிலிருந்து கோல்ஃப் 2 அல்லது கோல்ஃப் 3 ஜிடிஐ-யின் பின் டிஸ்க்கையும், பேட்டுகளால் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் வாங்கி மாட்டுவது நம் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. சக்கரம் சுற்றும் சிறு அச்சான ஸ்டப் ஆக்சிலை, பின்சக்கரங்களை இணைக்கும் பீமோடு பிடித்திருப்பவை பக்கத்துக்கு நான்கு போல்ட்டுகள்தான். அவற்றைக் கழற்றி, டிஸ்க்குக்கான ஸ்டப் ஆக்சிலையும் காலிப்பர் தாங்கியையும் வைத்து முடுக்கினால் 226 மி.மீ. டிஸ்க் உட்கார்ந்துவிடும். பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. மறுநாள் காலையில் "அண்ணா, பெடல் கீழே போகிறது" என்று போன் வருகிறதே, அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

இப்படி மாற்றிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்ட சங்கதி இது: புதிதாக மாட்டிய டிஸ்க் கோளாறு செய்வது குறைவு. டிரம்முக்கென்று அமைந்திருந்த பாகங்களில் எதை மாற்றாமல் விட்டுவிட்டோமோ, அதுதான் பெரும்பாலும் தகராறு செய்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, கை பிரேக் கேபிள் ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். காலிப்பரைக் குறைசொல்வது அதற்குப் பிறகு.

தொடங்குமுன் சில வார்த்தைகள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பின் பிரேக் வேலை என்பதால் கை பிரேக் வண்டியைப் பிடித்திருக்காது. நம் வீட்டு வாசல்கள் பல சரிவானவை என்பதால் சமதளம் தேடிப் போவதே நல்லது. பழைய டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்டது 2008-இல்தான். டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூ, அதற்கு முந்தையது என்றால், எந்தப் பொருளால் ஆனது என்று பார்வையால் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். சக்கரம் பூட்டாமல் தானே தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் இந்த மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே நலம். அதன் கணக்கு முழுவதும் தொழிற்சாலை வைத்த பிரேக்கை நம்பியே எழுதப்பட்டது. கீழே சொல்வதெல்லாம் ஏபிஎஸ் இல்லாத, முன்சக்கரம் இழுக்கும் சிறிய வண்டிகளுக்கு.

பெடல் மெத்தென்று அமுங்குகிறது

கால் வைத்தால் கெட்டியான இடமே கிடைக்கவில்லை. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் மேலே வருகிறது, விட்டால் மீண்டும் இறங்குகிறது. உள்ளே காற்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. ஆனால் "மூன்று பாட்டில் பிரேக் ஆயில் விட்டுக் காற்று எடுத்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை" என்று சொல்கிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிள் காலிப்பரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

இடது காலிப்பரை வலப்புறமும் வலது காலிப்பரை இடப்புறமும் மாட்டிவிட்டால் போல்ட்டெல்லாம் ஒழுங்காகவே உட்காரும், சக்கரமும் சுற்றும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே நிற்கும். கீழே இருக்கும் ஓட்டையைத் திறந்து எவ்வளவு ஆயிலை வடித்தாலும் மேலே நிற்கும் குமிழி அசையாது. யார்டில் வாங்கும் காலிப்பர்களில் இந்தத் தவறு சாதாரணம், ஏனென்றால் அவை ஒரே பெட்டியில் குவிந்து கிடக்கும், இடது வலது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நிப்பிள் கீழே இருந்தால் பக்கம் மாற்றி மாட்டுங்கள். அந்த நேரத்தில் மாற்ற முடியாவிட்டால், தாங்கியிலிருந்து காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி கையில் பிடித்து, பேட்டுகளுக்கு நடுவே டிஸ்க்கின் கனமுள்ள ஒரு கட்டையை வைத்துக் காற்றை எடுக்கலாம். அது அன்றைய சோதனைக்கு மட்டும். அப்படியே விட்டு ஓட்டக் கூடாது.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது, இருந்தும் மெத்தென்றிருக்கிறது என்றால் பீமுக்கும் காலிப்பருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸைப் பாருங்கள். ஒருவர் பெடலை அழுத்தட்டும், நீங்கள் ஹோஸை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடியுங்கள். விரல்களுக்கிடையே அது உப்புவது தெரிந்தால் ஹோஸுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் காலிப்பருக்கு வண்ணம் அடிக்கச் செலவழிக்கிறார்கள், இருபது வருடப் பழைய ஹோஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மனம் ஒப்பாத காரியம். காலிப்பர் மாற்றும்போது நான்கு ஹோஸையும் மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 ரகமாக இருக்கட்டும். புதிய டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கடலோர டர்பனின் ஈரக் காற்றில் மூடி திறந்து கிடந்த பாட்டிலை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். சமதளத்தில் நன்றாக இருந்த பெடல், ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு இறங்கும் டவுன் ஹில் சரிவின் பாதியில் மெத்தென்று ஆனால், சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்று பொருள். உடனே கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து ஓரத்தில் நிறுத்துங்கள். ஆறியதும் பெடல் திரும்பக் கெட்டியாகிவிடும், அதை நம்பிப் பயணத்தைத் தொடராதீர்கள்.

பெடல் கெட்டிதான், ஆனால் பாதிக்கு மேல் இறங்கிய பிறகே பிடிக்கிறது

இதை முந்தையதோடு குழப்பிக்கொள்வதால்தான் பலர் வீணாக ஆயில் வாங்குகிறார்கள். கெட்டியாகப் பிடிக்கிற பெடலில் காற்று இல்லை. தூரம்தான் அதிகம். அந்தத் தூரம் எங்கே வீணாகிறது என்பதே கேள்வி.

முதலில் முன்னாலா பின்னாலா என்று பிரித்துவிடுங்கள். ஹோஸை நசுக்குவதற்கென்றே உருண்டையான வாயுள்ள கிளாம்ப் கிடைக்கும். பின் ஹோஸ்கள் இரண்டையும் அதால் மூடிப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலேயே நின்றுவிட்டால் பின்பக்கம்தான் தூரத்தைத் தின்கிறது. முன்போலவே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையோ முன்பக்கத்தையோ பாருங்கள். பல்லுள்ள பிளையரால் ஹோஸைப் பிடிக்காதீர்கள். உள்ளே கிழிந்துவிடும், வெளியே தெரியாது.

பின்பக்கம் என்று தெரிந்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது காலிப்பரின் பின்னால் உள்ள கை பிரேக் நெம்புகோல். கேபிளைப் பிடித்திருக்கும் அந்தச் சிறு கை, கை பிரேக்கை விட்ட நிலையில் தன் தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் அது முட்டாமல் சற்று முன்னாலேயே நின்றுவிடும். பேட் தேயத் தேயப் பிஸ்டனை முன்னே நகர்த்தித் தரும் திருகு காலிப்பருக்குள்ளே இருக்கிறது. நெம்புகோல் முழுதாகத் திரும்பாவிட்டால் அந்தத் திருகு வேலை செய்யாது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போகும், பெடலும் இறங்கிக்கொண்டே போகும். பெடல் இறங்குகிறதே என்று கேபிளை இன்னும் முடுக்குவார்கள், நோய் முற்றும்.

சரியான வரிசை இதுதான். கேபிள் இரண்டையும் முழுக்கத் தளர்த்துங்கள். பேட்டுகளைக் கழற்றிப் பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்புங்கள். இந்தக் காலிப்பர்களில் பிஸ்டனை அழுத்தியபடியே வலப்புறமாகத் திருக வேண்டும். முன் காலிப்பரைப் போல கிளாம்ப் வைத்து வெறுமனே அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு உடைந்துவிடும், பிறகு அந்தக் காலிப்பர் இரும்புக் கடைக்குத்தான். பேட்டை மாட்டிக் காலிப்பரை முடுக்குங்கள். வழிகாட்டி போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். கேபிள் இன்னும் தளர்வாகவே இருக்க, பெடலை நிதானமாகப் பலமுறை மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பிஸ்டன் சிறிது முன்வந்து நிற்கும், பெடல் படிப்படியாக மேலே ஏறுவது காலுக்குத் தெரியும். அது ஏறி நின்ற பிறகே கேபிளைத் தொட வேண்டும். நெம்புகோல் தடுப்பை விட்டுக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அசையும் வரை முடுக்கி, அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அசைய வேண்டும்.

இதுவும் சரியாக இருந்து பெடல் இன்னும் ஆழமாகப் போகிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரின் முறை. டிரம்முக்குள் இருந்த வீல் சிலிண்டரின் பிஸ்டன் சிறியது. 14 முதல் 17 மி.மீ. வரை விட்டம், பக்கத்துக்கு இரண்டு. காலிப்பரின் பிஸ்டன் ஒன்றுதான், ஆனால் விட்டம் 38 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். ஷூ நகரும் தூரத்தைவிட பேட் நகரும் தூரம் குறைவு என்பதால் ஓரளவு ஈடாகிவிடும், முழுவதும் ஆகாது. 20.64 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரோடு ஓடும் வண்டிக்கு 22.2 மி.மீ. சிலிண்டர் போட்டால், அதே தூரம் மிதிக்கும்போது 15 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக ஆயில் நகரும். பெடல் உயரும். அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தமோ ஏறத்தாழ 14 விழுக்காடு குறையும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் நல்ல நிலையில் இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. பூஸ்டர் பலவீனமான வண்டியில் பெடல் கல்லாகிவிட்டதாகத் தோன்றும்.

இன்னொரு காரணத்தைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை: பின்சக்கர பேரிங். நேராக ஓட்டும்போது பெடல் நன்றாக இருக்கிறது, வளைவுகள் நிறைந்த சாலையில் போய் வந்ததும் முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதி சரியாகிவிடுகிறது. இப்படி இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. வளைவில் டிஸ்க் சாய்ந்து பேட்டைப் பின்னே தள்ளுகிறது. அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்புவதற்கே செலவாகிறது. டிரம்மில் இதே தளர்ச்சி இருந்தால் பெடலில் இந்த அளவுக்குத் தெரியாது, டிஸ்க் காட்டிக்கொடுத்துவிடும். கிரீஸ் மூடியை எடுத்து, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கிப் பேரிங்கை உட்காரவைத்து, பிறகு சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நட்டுக்கு அடியிலுள்ள வாஷரை ஸ்க்ரூடிரைவரின் நுனியால் விரல் பலத்திலேயே நகர்த்த முடிய வேண்டும். நெம்பித்தான் நகர்கிறது என்றால் இறுக்கம் அதிகம், தொட்டதும் ஆடுகிறது என்றால் தளர்ச்சி அதிகம். சரியான இடம் கிடைத்ததும் பூட்டு மூடியை வைத்து, அதை நகராமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவதில் மிச்சமாகும் காசு எதற்கும் ஆகாது.

அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது

இந்த அறிகுறியைக் கண்டால் வண்டியை அன்றே நிறுத்துங்கள். இதோடு வீடுவரைகூடப் போகக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பின்பக்கம் ஏற்கெனவே லேசான இந்த வண்டிகளில் அந்த நேரத்தில் பின் டயர் தரையைப் பேருக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். முன்சக்கரம் பூட்டினால், அதாவது சுற்றாமல் நின்றுவிட்டால், வண்டி நேராகச் சறுக்கும். காலைச் சற்றுத் தளர்த்தினால் திருப்பும் பிடிமானம் திரும்ப வரும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால் முன்னே வந்துவிடும். மழை பெய்த ஹிக்கின்சன் ஹைவேயில் அது நடந்தால் ஓட்டுகிறவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பின்னால் பலமான பிரேக் இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: நிறுத்துவது பெரும்பாலும் முன்சக்கரம்தான். வண்டி சீக்கிரம் நிற்க வேண்டுமென்றால் முதலில் முன்னால் உள்ள மெல்லிய பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, காற்றோட்டத் துவாரமுள்ள 239 மி.மீ. டிஸ்க் போடுங்கள். பின் டிஸ்க் தருவது வேறு நன்மைகள்: நீண்ட இறக்கத்தில் சூட்டைத் தாங்கும், தண்ணீரில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும், பேட் எவ்வளவு மிச்சம் என்று சக்கரத்தின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம்.

கோளாறு எங்கே என்றால், பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில். சில வண்டிகளில் அது மாஸ்டர் சிலிண்டரின் வாயிலேயே திருகியிருக்கும். சிலவற்றில் பின்னால் இருந்து, ஒரு ஸ்பிரிங் வழியாகப் பின் பீமோடு இணைந்திருக்கும். எதுவும் இல்லாதவையும் உண்டு. டிரம்முக்கு அளந்து வைத்த வால்வு, 38 மி.மீ. பிஸ்டனுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. டிஸ்க் எடுத்த அதே வண்டியிலிருந்து வால்வையும் சேர்த்து வாங்குவதுதான் உத்தமம். யார்டுக்காரர் காலிப்பரை மட்டும் கழற்றித் தந்தால் திரும்பப் போய் வால்வைக் கேளுங்கள்.

ஸ்பிரிங்கோடு கூடிய வால்வைப் பற்றி நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, ஏனென்றால் இங்கே தாழ்த்தாத சிட்டி கோல்ஃபைக் காண்பது அரிது. பின்னால் நான்கு பேரும் சாமானும் ஏறினால் வண்டியின் உடல் தாழும், ஸ்பிரிங் வால்வை இழுக்கும், பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தம் போகும். பாரம் இருப்பதால் அது சரிதான். நீங்கள் குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியையே தாழ்த்திவிட்டால், பின்னிருக்கை காலியாக இருக்கும்போதும் வண்டி நிறைய ஆள் ஏறியிருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். லேசான பின்சக்கரத்துக்கு முழு அழுத்தமும் போகும். எவ்வளவு தாழ்த்தினீர்களோ அந்த அளவுக்கு வால்வின் பிடிப்பையும் இடம் மாற்றி, ஸ்பிரிங் பழைய இழுவைக்குத் திரும்பும்படி செய்ய வேண்டும்.

கையால் திருகிச் சரிசெய்யும் வால்வு கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குமுன் உங்கள் வண்டியின் குழாய் அமைப்பைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பிரேக் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: முன் இடதும் பின் வலதும் ஒரு சுற்று, முன் வலதும் பின் இடதும் மற்றொரு சுற்று. ஒரு குழாய் உடைந்தாலும் ஒரு முன்சக்கரமாவது பிடிக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒற்றை வால்வு போடுவதற்காகப் பின் குழாய்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எங்காவது ஒரு கசிவு, பெடல் முழுவதும் தரையில். இரண்டு தனி வழிகள் உள்ள வால்வு வேண்டும், அல்லது ஒரே அளவில் திருகிய இரண்டு வால்வுகள் வேண்டும்.

சோதிப்பது இப்படி: ஆளில்லாத, சமமான, நனைந்த தரை. பின்னிருக்கையும் டிக்கியும் காலி. மணிக்கு 30, 40 கி.மீ. வேகத்தில் நேராக வந்து அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. முன்சக்கரம் எப்போதும் முதலில் நிற்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பின் அழுத்தத்தை இன்னும் குறையுங்கள்.

பின்சக்கரம் சூடாகிறது, வண்டி இழுத்துப் பிடித்ததுபோல் ஓடுகிறது

பெட்ரோல் செலவு கூடும், ரிம்மில் கறுப்புத் தூள் படியும், நிறுத்தி இறங்கினால் கருகிய வாடை வரும். டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் வெப்பமானியை இரண்டு பக்கமும் பிடித்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடானால் அந்தப் பக்கத்துக் காலிப்பரோ கேபிளோ ஹோஸோ; இரண்டும் சூடானால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று.

சூடு இருக்கும்போதே வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் கை பிரேக் கேபிளைக் காலிப்பரிலிருந்து கழற்றிப் பாருங்கள். விடுபட்டால் கேபிள்தான் காரணம். டிரம்முக்கான கேபிள் நீளம் வேறு, டிஸ்க்குக்கான கேபிளே வேண்டும். பழைய கேபிளை எப்படியோ வளைத்துக் கட்டி மாட்டினால் ஒருநாள் இல்லையென்றால் ஒருநாள் அது பிடித்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றியும் விடவில்லையா, பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ வழிகாட்டி ஊசிகளோ துருவேறி இறுகியிருக்கின்றன. கடற்கரைக்கு அருகே ஓடிய வண்டியின் காலிப்பரில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் மட்டும் தடவி, ரப்பர் உறைகளைப் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும்.

அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று தெரிந்தால், மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் இரண்டு மூன்று மி.மீ. தளர்த்திச் சிலிண்டரை முன்னே இழுத்துப் பாருங்கள். சக்கரங்கள் விடுபட்டால் பூஸ்டரின் தண்டு புதிய சிலிண்டருக்கு நீளம் அதிகம். அது பிஸ்டனை எப்போதும் சற்று அழுத்தியபடியே இருக்கிறது, ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே கிடக்கிறது. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக் மேலும் மேலும் பிடிக்கும். தண்டின் நீளத்தைச் சரிசெய்தால் தீர்ந்தது. அதுவும் இல்லையென்றால், பழைய சில வண்டிகளில் டிரம்முக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 0.7 பார் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை; ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகள் பலமானவை. டிஸ்க்கில் பேட்டைப் பின்னிழுக்க ஸ்பிரிங் கிடையாது, அந்தச் சிறு அழுத்தமே பேட்டை உரசவைக்கப் போதும். எடுத்துவிடுங்கள்.

கை பிரேக் சரிவில் நிற்கவில்லை

சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. வாசலில் நிறுத்திய வண்டி தெருவுக்கு இறங்கிவிடும். கை பிரேக்கைப் பொறுத்தவரை டிரம்தான் வலியது, ஷூ தன்னைத்தானே டிரம்மோடு இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆகவே டிரம் இருந்தபோது கை பிரேக்கை இரண்டு பல் (இரண்டு 'கிளிக்') இழுத்ததும் நின்ற வண்டி இப்போதும் இரண்டு பல்லில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் முழுதாக இழுத்தும் நிற்கவில்லை என்றால் கோளாறு உண்டு.

மேலே சொன்ன வரிசையில் காலிப்பரைச் சரிசெய்தீர்களா என்று முதலில் பாருங்கள்; பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். பேட் புதிதாக இருந்தால் இன்னும் டிஸ்க்கோடு முழுப் பரப்பும் படிந்திருக்காது. போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, நடுவே ஆற நேரம் கொடுத்து, பலமுறை செய்யுங்கள். டிஸ்க் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகும். பிறகும் நிற்காவிட்டால், ஒருவர் உள்ளே கை பிரேக்கை இழுக்கட்டும், நீங்கள் பின்னால் நெம்புகோல்களைப் பாருங்கள். ஒன்று நகர்ந்து மற்றொன்று நின்றால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. இரண்டும் எட்டும் வரை நகர்ந்தும் சக்கரம் சுற்றினால், காலிப்பருக்குள் இருக்கும் திருகு உடைந்திருக்கிறது. யார்டுக்காரரோ முந்தைய உரிமையாளரோ பிஸ்டனைக் கிளாம்பால் அழுத்தியிருக்கலாம். வேறு காலிப்பர் வாங்குங்கள். அது கிடைக்கும் வரை கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டி நகர்ந்தால் முன்சக்கரம் சாலையோரக் கட்டில் முட்டும்படி திருப்பி நிறுத்துங்கள்.

சத்தம், அதிர்வு

சக்கரம் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து 'டக் டக்' என்று வந்தால் ரிம்மின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஈய எடை காலிப்பரில் இடிக்கிறது. 13 அங்குல ரிம்களில் இடம் மிகக் குறைவு; சக்கரத்தை மாட்டி முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே தரையில் இறக்குங்கள். தொடர்ந்து உரசும் சத்தம் தூசித் தகட்டினுடையது, கையால் வளைத்தால் போதும். பெடலில் அதிர்வு தெரிந்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் ஹப்பின் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதில், டிஸ்க்கின் விளிம்பில் அதைவிடப் பெரிய ஆட்டமாக வெளிப்படும். கம்பித் தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்து மீண்டும் மாட்டுங்கள். டிஸ்க் 10 மி.மீ. கனம் உள்ளது; 8 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் பேரம் பேசாமல் புதியது போடுங்கள்.

ஆயில் கசிகிறது

இணைப்பில் கசிந்தால் செம்பு வாஷரை மாற்றுங்கள், அது ஒருமுறைக்குத்தான். மேலும் மேலும் முடுக்குவதால் மரை போகும். குழாய் முனை விரிந்திருக்கும் வடிவமும் அது உட்காரும் இடத்தின் வடிவமும் வேறாக இருந்தால் எத்தனை முடுக்கினாலும் நிற்காது. குழாயையே புதிதாகச் செய்து வாங்குங்கள். வண்ணத்தில் சிந்திய பிரேக் ஆயிலைத் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சோதனை நிலையத்திலும் காப்பீட்டிலும்

1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், வண்டி கைமாறும்போது ரோட்வொர்தி சான்றிதழ், அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டும். சோதனை நிலையத்தில் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்திப் பிரேக் அளக்கப்படும். இடதுக்கும் வலதுக்கும் பெரிய வேறுபாடு இருந்தாலும், கை பிரேக் போதாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் மாற்றம் செய்த பிறகு ஒருமுறை உருளைச் சோதனைக்குக் காசு கொடுத்து அளந்துவிடுங்கள். நான்கு சக்கரங்களின் எண்களும் தாளில் வந்துவிடும். எது குறைகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலையும், பாகங்கள் வாங்கிய ரசீதுகளையும், அந்த உருளைத் தாளையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது பிரேக்கை யார் மாற்றியது என்பதாகவே இருக்கும்.